பத்துக் கிலோ இயந்திரத் துப்பாக்கி: பிரென் கன்னை வைத்து எல்.எம்.ஜி.யைப் புரிந்துகொள்வது

தேர்தல் சமயத்தில் வாக்குப்பெட்டிக்குக் காவல் நிற்கும் மத்தியப் படை வீரரின் படத்தைப் போட்டு, கீழே 'இயந்திரத் துப்பாக்கியுடன்' என்று எழுதுவது நம் நாளிதழ்களின் பழக்கம். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ரைபிள்தான். விசையை அழுத்திப் பிடித்தால் தோட்டா சடசடவென்று போகும் என்பதற்காக எல்லாமே இயந்திரத் துப்பாக்கி ஆகிவிடாது. அப்படிச் சுடும் ரைபிளில் இரண்டு மூன்று மேகசின்களை, அதாவது தோட்டா அடைத்த பெட்டிகளை, மூச்சு விடாமல் காலி செய்து பார்த்தால், குழல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, குறியும் தவற ஆரம்பிக்கும். இயந்திரத் துப்பாக்கி என்பது அந்த வேலையையே தொழிலாகக் கொண்டது. நிறையச் சுட வேண்டும், விட்டு விட்டு வெகுநேரம் சுட வேண்டும், சூட்டில் பழுதாகக் கூடாது.

படையில் எல்லோரும் எல்.எம்.ஜி. என்று சொல்லும் லைட் மெஷின் கன், அதாவது இலகுரக இயந்திரத் துப்பாக்கி, இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ரைபிளைவிடக் கனம். முக்காலியில் ஏற்றி ஓரிடத்தில் வைத்துச் சுடும் பெரிய துப்பாக்கியைவிட இலேசு. ஒரே ஆள் தூக்கிக்கொண்டு ஓடி, தரையில் விழுந்து படுத்து, உடனே சுடத் தொடங்க வேண்டும். இலக்கணம் இவ்வளவுதான். இதை உருப்படியாகச் செய்து முடிக்க உலகத்துக்கு ஏறக்குறைய 40 ஆண்டு பிடித்தது.

'இலகு' என்ற சொல்லைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். இந்தக் கட்டுரையின் நாயகனான பிரென் துப்பாக்கியின் முதல் மாடல் 10.35 கிலோ. கடையில் வாங்கும் 10 கிலோ அரிசிப் பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கருவேலங்காட்டில் குனிந்தபடி ஓடிப் பாருங்கள். அப்புறம் ஏன் இலகு என்கிறார்கள்? அதற்கு முன்னால் இருந்ததைப் பார்த்தால் புரியும். முதல் உலகப் போரில் பிரிட்டன் வைத்திருந்த விக்கர்ஸ் துப்பாக்கி சுமார் 15 கிலோ. அதன் முக்காலி 20 கிலோவுக்கும் மேல். குழலைக் குளிர்விக்கச் சுற்றிலும் ஒரு உறை, அதற்குள் நாலு லிட்டர் தண்ணீர். எல்லாம் சேர்த்து 40 கிலோ, அதாவது ஒன்றரைச் சிப்பம் அரிசி. தோட்டாப் பெட்டிகள் தனி. அதைக் கட்டி மேய்க்க ஐந்தாறு பேர் கொண்ட குழு.

## தோட்டாவின் எடை

துப்பாக்கியின் எடையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிடச் சுவையானது தோட்டாவின் எடை. 'த்ரீ நாட் த்ரீ' என்று நம்மூரில் பெயர் பெற்ற .303 தோட்டா ஒன்று சுமார் 25 கிராம். பிரென் நிமிடத்துக்குச் சுமார் 500 தோட்டா என்ற வேகத்தில் சுடக்கூடியது. பெருக்கிப் பாருங்கள். ஒரே நிமிடத்தில் 12.5 கிலோ. துப்பாக்கியின் எடையைவிட அதிகம், அதுவும் அறுபது நொடியில் தீர்ந்துவிடும்.

யாரும் அப்படி நிமிடக்கணக்கில் விசையைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை என்பது வேறு விஷயம். நாலைந்து தோட்டாவாக விட்டு விட்டுத்தான் சுடுவார்கள். ஆனால் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எல்.எம்.ஜி.யின் ஒவ்வொரு உறுப்பும் ஏன் அப்படி இருக்கிறது என்பது தானாகவே விளங்கும். எவ்வளவு வேகமாகச் சுடலாம் என்பதைவிட, நடந்து போகும் பத்துப் பேரால் எவ்வளவு தோட்டா சுமக்க முடியும் என்பதுதான் வடிவமைப்பாளரின் முதல் கேள்வி.

அவ்வளவு தோட்டா எதற்கு என்று கேட்கலாம். எதிரியைக் கொல்வதற்கு என்று சினிமா சொல்லும். நடைமுறையில் பெரும்பாலான தோட்டாக்கள் எவர் மேலும் படுவதில்லை. எதிரில் இருப்பவன் தலையைத் தூக்காமல் குழிக்குள்ளேயே கிடக்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் நம் பக்கத்து ஆட்கள் அடுத்த மறைவுக்கு ஓட வேண்டும். எல்.எம்.ஜி.யின் முக்கால்வாசி வேலை இதுதான். எந்த நாட்டுக் காலாட்படையிலும் ஒரு கூட்டம் சுட, இன்னொரு கூட்டம் நகர்வது என்ற பாடம் இதன் மேல்தான் நிற்கிறது.

## சேறும் வான்வெளியும்

ஹைரம் மாக்சிம் 1884இல் தானாகவே குண்டேற்றிச் சுடும் துப்பாக்கியைக் காட்டியபோது, அது தற்காப்புக்கான கருவியாகவே நிலைத்தது. ஓரிடத்தில் நட்டு வைத்துவிட்டு, வருபவர்களைச் சுடலாம். முன்னேறிப் போகிறவன் கூடவே அதைத் தூக்கிப் போக முடியாது. இதற்கு என்ன விலை என்பது 1916 ஜூலை 1ஆம் தேதி பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் தெரிந்தது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 19,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பீரங்கிகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பதுங்குகுழிக்கு எதிரே திறந்த வெளியில் நடந்து வந்தவர்களைக் குறுக்காக அரிந்தவை ஜெர்மானியரின் மாக்சிம் வகைத் துப்பாக்கிகள்.

தூக்கிப் போகக்கூடிய ஒன்றுக்கான தேடல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. டென்மார்க்கின் மேட்ஸன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரிலேயே ரஷ்யர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். தலைக்கு மேல் வளைந்த மேகசின், சுமார் ஒன்பது கிலோ. நல்ல வேலைப்பாடு, ஆனால் செய்வது கடினம், விலையும் அதிகம். பிரேசில் நாட்டுக் காவல்துறையிடம் 2000களிலும் இது புழக்கத்தில் இருந்தது என்பதை நினைத்தால் அதன் ஆயுள் கெட்டி என்றுதான் சொல்ல வேண்டும்.

பிரான்ஸ் அவசரத்தில் செய்த ஷோஷா இதற்கு நேர் எதிர். 1915இல் வந்தது, மலிவாக, இரண்டரை லட்சம் போலச் செய்து தள்ளினார்கள். பிறை வடிவ மேகசினின் ஒரு பக்கம் திறந்திருக்கும். உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்ப்பதற்காம். பதுங்குகுழி முழுக்கச் சேறு. திறந்த பக்கம் வழியாக அது நேரே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். போர்க்களத்தில் ஒரு நாளாவது படுத்துப் பார்த்தவர் அந்த ஜன்னலை வைத்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும்.

அமெரிக்கரான ஐசக் நியூட்டன் லூயிஸ் முன்னெடுத்த லூயிஸ் துப்பாக்கிதான் பிரிட்டிஷ் படையின் முதல் உண்மையான எல்.எம்.ஜி. மேலே தட்டு போன்ற வட்ட மேகசின், அதில் 47 தோட்டா. குழலைச் சுற்றி அலுமினிய இறக்கைகள், அவற்றுக்கு மேல் தடித்த குழாய் உறை. சுடும்போது குழலின் முன்முனையில் வெடித்து வெளியேறும் வாயு பின்னாலிருந்து காற்றை இழுத்து வந்து குழலைக் குளிர்விக்கும் என்பது யோசனை. பிறகு இதை விமானத்தில் மாட்டியபோது, மேலேதான் காற்று நிறைய இருக்கிறதே என்று உறையைக் கழற்றிவிட்டார்கள். நன்றாகவே சுட்டது. இரண்டாம் உலகப் போரில் பழைய விமானத் துப்பாக்கிகளைத் தரைப்படைக்குக் கொடுத்தபோது உறை இல்லாமலே சமாளித்தார்கள். முதல் போர் முழுக்கச் சிப்பாய்கள் சும்மா சுமந்த பாரம் அது. மொத்த எடை 12.7 கிலோ.

## பிர்னோவும் என்ஃபீல்டும்

முதல் போர் முடிந்து செக்கோஸ்லோவாக்கியா என்ற புது நாடு பிறந்தது. அதன் படைக்கு ஒரு எல்.எம்.ஜி. தேவைப்பட்டது. வாட்ஸ்லாவ் ஹோலெக் என்ற வடிவமைப்பாளர் செய்தது, பிர்னோ நகரத்து ஆயுதத் தொழிற்சாலையில் தயாராகி, 1926இல் இசட்.பி. 26 என்ற பெயரில் வந்தது. ஒன்பது கிலோவை ஒட்டிய எடை. தண்ணீர் கிடையாது, உறை கிடையாது. சூட்டுக்கு அதில் இருந்த பதில் அழகானது: குழல் சூடானால் கழற்றிப் போடு, வேறொன்றை மாட்டு.

இந்தத் துப்பாக்கி உலகம் சுற்றியது. சீனா நிறைய வாங்கியது, உள்ளூரிலேயே பிரதி எடுத்தது. ஜப்பானியர்கள் அவற்றைப் பிடுங்கித் தாங்களும் பயன்படுத்தினார்கள்.

பிரிட்டன் 1930களின் தொடக்கத்தில் லூயிஸுக்கு மாற்று தேடிச் சோதனைகள் நடத்தியது. போட்டியில் இருந்தவற்றுள் ஒன்று விக்கர்ஸ்-பெர்தியே. அதே சமயம் இந்தியப் படை தனக்கென்று ஒரு முடிவு எடுத்து, 1933இல் விக்கர்ஸ்-பெர்தியேவையே ஏற்றுக்கொண்டது. வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் அது தயாரானது. இரண்டாம் போரின் தொடக்கத்தில் இந்தியச் சிப்பாய்களின் படங்களில் பிரென் மாதிரியே தெரியும் ஒன்றைப் பார்த்தால் சற்று நிதானியுங்கள், அது பெரும்பாலும் இதுவாக இருக்கும். மேலே வளைந்த மேகசின், முன்னால் இரண்டு கால். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் போல ஒரே சாடை.

லண்டனில் ஜெயித்தது செக் துப்பாக்கி. ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. செக்காரர்களின் 7.92 மி.மீ. தோட்டாவுக்குப் பதில் பிரிட்டனின் .303 போட வேண்டும். 1935இல் உரிமம் வாங்கி, என்ஃபீல்ட் அரசுத் துப்பாக்கி ஆலையில் 1937 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கியது. பிர்னோவின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் முதல் இரண்டு எழுத்து, என்ஃபீல்டின் முதல் இரண்டு எழுத்து, இரண்டையும் ஒட்டி 'பிரென்' என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், அதே என்ஃபீல்ட்தான். அந்த ஆலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த சைக்கிள் கம்பெனிதான் 'ராயல் என்ஃபீல்ட்' என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது. 1955இல் சென்னைத் திருவொற்றியூருக்கு வந்த புல்லட்டின் பெட்ரோல் டாங்கியில் இருக்கும் பெயருக்கு மூலம் அங்கேதான்.

1939 மார்ச்சில் ஹிட்லர் பிர்னோவுக்குள் நுழைந்தார், ஆலை ஜெர்மானியர் கைக்குப் போனது. அதற்குள் வரைபடங்கள் என்ஃபீல்டுக்கு வந்து, துப்பாக்கிகள் வாரந்தோறும் வெளிவந்துகொண்டிருந்தன. இரண்டாம் போரில் ஒரு பக்கம் இசட்.பி. 26, எதிர்ப்பக்கம் பிரென் என்று ஒரே வீட்டுப் பிள்ளைகள் நேருக்கு நேர் சுட்டுக்கொண்டார்கள்.

1940இல் டன்கர்க்கிலிருந்து தப்பி வந்த பிரிட்டிஷ் படை தன்னிடமிருந்த பிரென்களில் பெரும்பகுதியை பிரான்சில் விட்டுவிட்டு வந்தது. இடத்தை நிரப்ப பழைய லூயிஸ்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். கனடாவின் டொரொன்டோவில் இங்லிஸ் ஆலை லட்சத்துக்கும் மேல் செய்து தந்தது. அங்கே வேலை பார்த்த வெரோனிகா ஃபாஸ்டர் என்ற பெண், புதிதாக முடித்த பிரெனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிகரெட் புகையை ஊதும் 1941ஆம் ஆண்டுப் படம் போர்க்காலப் பிரசாரத்தில் புகழ்பெற்றது. ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும் நம் இஷாப்பூரிலும்கூட பிரென் தயாரானது.

## கழற்றிப் பார்த்தால்

கல்லூரியில் என்.சி.சி. முகாமில் ஒரு மதியம். வேப்பமரத்தடியில் பச்சைத் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் ஒரு எல்.எம்.ஜி. பயிற்சி தந்த ஹவில்தாரை எல்லோரும் உஸ்தாத் என்று கூப்பிடுவோம். 'கோல்னா ஜோட்னா' என்பார், கழற்றுவது மாட்டுவது. எங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த ஹிந்தியே அதுதான். பிஸ்டன் குரூப், பேரல் குரூப், பட் குரூப், பாடி குரூப், பைபாட் குரூப் என்று ஐந்து பகுதி. கழற்றிய வரிசையிலேயே தார்ப்பாயில் அடுக்க வேண்டும், தலைகீழ் வரிசையில் மாட்ட வேண்டும். அவருக்கு இது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. எனக்கு பிஸ்டனை உள்ளே விடவே மூன்று தடவை ஆனது. அது 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றிய இந்திய வடிவம், பெயர் 1பி. உள்ளே இருந்தது அச்சு அசல் பிரென்தான். அந்தத் தார்ப்பாயில் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

முதலில், இது எப்படித் தானாக ஓடுகிறது? சைக்கிள் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பம்பில் நாம் தண்டைத் தள்ளினால் காற்று வெளியே போகும். இங்கே தலைகீழ். குழலின் அடியில் ஒரு சிறு துளை. தோட்டா அதைக் கடந்து போகும்போது, பின்னால் உந்தி வரும் வாயுவில் கொஞ்சம் அந்தத் துளை வழியாக இறங்கி, கீழே இருக்கும் பிஸ்டனைப் பின்னால் தள்ளும். பிஸ்டன் போகிற வழியில் மற்ற வேலை எல்லாவற்றையும் முடித்துவிடும். பூட்டைத் திறக்கும், சுட்ட தோட்டாவின் காலி உறையைப் பிடித்திழுத்துக் கீழ்ப்பக்கமாக வெளியே தள்ளும், பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கை அழுத்தும். ஸ்பிரிங் திரும்பத் தள்ளும்போது அடுத்த தோட்டா மேகசினிலிருந்து உள்ளே வரும்.

'பூட்டு' என்றேன். தோட்டா வெடிக்கும் நொடியில் குழலின் பின்வாசல் கெட்டியாக மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுடுகிறவர் முகம் தப்பாது. பிரெனில் வாசலை அடைக்கும் இரும்புக் கட்டையின் பின்முனை சற்றே மேலே எழும்பி, உடலில் வெட்டியிருக்கும் ஒரு பள்ளத்தில் போய் முட்டுக்கொடுத்து நின்றுவிடும். கதவின் மேல்தாழ்ப்பாள் போலத்தான்.

வாயுத் துளைக்கு நான்கு அளவு உண்டு. சுடச் சுட வெடிமருந்தின் கரி படிந்து வழி அடைபடும், பிஸ்டனுக்கு வேகம் போதாமல் துப்பாக்கி திக்கும். அப்போது ஒரு படி பெரிய துளைக்குத் திருப்பிவிட்டால் திரும்ப ஓடும். செக் மாடலில் இந்தத் துளை குழலின் முன்முனையை ஒட்டி இருந்தது. பிரிட்டிஷாரின் கார்டைட் மருந்து அங்கே நிறையக் கரி பிடித்ததால், துளையைப் பின்னால் தள்ளி வைத்தார்கள். பார்த்தால் சின்ன மாற்றம். பிரெனுக்கு 'திக்காத துப்பாக்கி' என்ற பேர் கிடைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்தது சூடு. மருந்தில் இருக்கும் சக்தியில் தோட்டாவை ஓட்டப் போவது மூன்றில் ஒரு பங்கு போலத்தான். மிச்சம் வாயுவோடும் சூடாகவும் போகிறது, அதில் கணிசமான பகுதியைக் குழல் வாங்கிக்கொள்கிறது. பிரெனில் வேகமாகச் சுடும்போது சுமார் பத்து மேகசினுக்கு ஒரு முறை குழலை மாற்றச் சொல்வார்கள். குழலின் பின்பக்கம் ஒரு நெம்புகோல், அதைத் தூக்கினால் பிடி விடும். குழலின் மேலேயே பக்கவாட்டில் ஒரு மரக் கைப்பிடி. நடந்து போகும்போது துப்பாக்கியைத் தூக்குவதும் அதைப் பிடித்துத்தான், பழுத்த குழலை வெறுங்கையால் தொடாமல் உருவுவதும் அதைப் பிடித்துத்தான். பழகிய இருவருக்குச் சில நொடி வேலை. இங்கே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். முன்னால் இருக்கும் இரண்டு கால், அதாவது பைபாட், குழலில் மாட்டப்படவில்லை. கீழே இருக்கும் பிஸ்டன் உருளையில் மாட்டியிருக்கிறது. குழலைக் கழற்றினாலும் துப்பாக்கி தன் காலில் நிற்கும். இதை யோசிக்காமல் விட்ட துப்பாக்கிகளில், குழல் மாற்றும்போது மொத்தமும் மண்ணில் முகம் குத்திக் கிடக்கும்.

சூட்டோடு சேர்ந்த இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. சுடாத நேரத்தில் ரைபிளின் குழலுக்குள் அடுத்த தோட்டா தயாராக உட்கார்ந்திருக்கும். பழுத்த குழலில் அப்படி உட்கார்ந்தால், யாரும் விசையைத் தொடாமலே அது வெடித்துவிடலாம். அதனால் பிரெனில் விசையை விட்டதும் கட்டை பின்னாலேயே நின்றுகொள்ளும், குழல் காலியாக, இரு பக்கமும் திறந்து, காற்றாடக் கிடக்கும். விசையை அழுத்தினால்தான் கட்டை முன்னால் பாய்ந்து தோட்டாவை உள்ளே தள்ளிச் சுடும். இதில் ஒரு சங்கடம், அந்தக் கனமான இரும்பு முன்னால் ஓடுவதில் முதல் குண்டுக்குக் குறி கொஞ்சம் அசையும்.

மேகசின் ஏன் தலைக்கு மேல்? தரையோடு தரையாகப் படுத்திருப்பவருக்குக் கீழே நீளமாக எதுவும் தொங்கக் கூடாது. தொங்கினால் துப்பாக்கியை உயர்த்த வேண்டும், கூடவே தலையையும். மேலே இருந்தால், பக்கத்தில் படுத்திருக்கும் உதவியாளர், அதாவது நம்பர் டூ, கையை எட்டிக் காலியானதை எடுத்துப் புதியதை வைத்துவிடலாம். சுடுகிற நம்பர் ஒன் கண்ணைக் குறியிலிருந்து எடுக்கவே வேண்டாம். பிரெனை ஒருவரே சுடலாம்தான், ஆனால் அது இருவருக்கான துப்பாக்கி.

அது ஏன் அரிவாள் மாதிரி வளைந்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. .303 தோட்டாவின் பின்பக்கம் ஆணித்தலை போல விளிம்பு உண்டு. தலை பெருத்த ஆணிகளைப் பக்கத்தில் பக்கம் அடுக்கிப் பாருங்கள். தலை இருக்கும் பக்கம் அகன்று, மறுபக்கம் குறுகி, வரிசை தானாகவே வளையும். பிரென் மேகசின் அந்த வளைவின் வடிவம்தான். அடுக்கும்போது ஒரு விளிம்பு இன்னொன்றின் தவறான பக்கம் மாட்டிக்கொண்டால் மேகசின் இறுகிவிடும். அதனால் 30 பிடிக்கும் மேகசினில் 28 போட்டு நிறுத்துவது பழைய கைகளின் வழக்கம். 7.62 தோட்டாவுக்கு அந்த விளிம்பு கிடையாது. அதனால்தான் நாங்கள் முகாமில் பார்த்த 1பி-யின் மேகசின் கிட்டத்தட்ட நேராக இருந்தது. படத்தில் ஒரு பிரெனைப் பார்த்தால் மேகசினின் வளைவை வைத்தே எந்தத் தோட்டா என்று சொல்லிவிடலாம்.

மேகசின் நடுவில் நிற்பதால் பார்வையை மறைக்கும். ஆகவே குறிபார்க்கும் இரண்டு உறுப்புகளையும் இடப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். வலது தோளில் வைத்தால்தான் கண் அதற்கு நேராக வரும். எங்கள் செட்டில் ஒருவன் இடக்கைக்காரன். இடது தோளில் வைத்துப் படுத்துக் குறியைத் தேடித் தேடிப் பார்த்தான், கன்னத்துக்கு எதிரே இரும்புதான் தெரிந்தது. உஸ்தாத் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டி, "இதுக்கு எல்லாருமே வலதுகைதான் தம்பி" என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில்.

## பெல்ட்டா, மேகசினா

ஜெர்மானியர்கள் வேறு வழியில் போனார்கள். இலகு, கனம் என்று இரண்டு துப்பாக்கி எதற்கு? ஒன்றே போதும், இரண்டு காலில் வைத்தால் இலகு, முக்காலியில் வைத்தால் கனம். 1934இன் எம்.ஜி. 34, பிறகு 1942இன் எம்.ஜி. 42. பின்னது தகட்டை அச்சில் அடித்துச் செய்தது, மலிவு, சேறு தூசிக்கு அஞ்சாதது. நிமிடத்துக்குச் சுமார் 1,200 தோட்டா. காதுக்குத் தனித்தனி வெடியாகக் கேட்காது, துணியைக் கிழிப்பது போல ஒரே இழுப்பு. மேகசின் இல்லை, தோட்டாக்களைக் கோத்த பெல்ட்.

நம் கணக்குக்கு வருவோம். 1,200 தோட்டா என்றால் நிமிடத்துக்கு 30 கிலோவுக்கும் மேல். அதனால் ஜெர்மன் சிறு காலாட்படைக் குழுவில், அதாவது செக்‌ஷனில் மற்றவர்கள் எல்லோரும் ஒரு வகையில் அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா சுமப்பவர்கள். பிரிட்டிஷ் செக்‌ஷனில் பத்துப் பேர், ஒரு பிரென்; ஒவ்வொருவர் பையிலும் அதற்கு இரண்டு மேகசின் இருக்கும், ஆனால் ரைபிள்காரர்கள் தங்கள் வேலையையும் பார்ப்பார்கள். ரைபிளுக்கும் பிரெனுக்கும் ஒரே தோட்டா என்பதால் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

எது சிறந்தது என்று கேட்டால், நின்று தடுக்க எம்.ஜி. 42, நடந்து போய்த் தாக்க பிரென் என்பேன். பிரென் குறி தவறாதது. ரொம்பவும் தவறாததால், குண்டுகள் பரவாமல் ஒரே இடத்தில் போய் விழுகின்றன என்று பழைய சிப்பாய்கள் குறைப்பட்டுக்கொண்டது உண்டு. தேய்ந்த குழலைத் தேடி மாட்டிக்கொண்டார்கள் என்ற கதையை மட்டும் நான் பாதிதான் நம்புவேன்.

போருக்குப் பின் உலகம் பெரும்பாலும் ஜெர்மன் வழியைப் பிடித்தது. பெல்ஜியத்தின் எஃப்.என். மேக் என்ற இயந்திரத் துப்பாக்கி அந்த வழியில் வந்தது, உரிமம் பெற்று இந்தியாவிலும் தயாராகிறது. சோவியத் ரஷ்யா குறுக்குவழியாக, தன் ஏ.கே. ரைபிளுக்கே நீண்ட தடித்த குழலும் இரண்டு காலும் வைத்து ஆர்.பி.கே. என்றது. சுமார் ஐந்து கிலோதான், ஆனால் குழலை மாற்ற முடியாது. பிறகு தோட்டாவையே சிறியதாக்கினார்கள். 5.56 மி.மீ. தோட்டா ஒன்று சுமார் 12 கிராம், பழையதில் பாதி. அதே எடைக்கு இரு மடங்கு தோட்டா. பெல்ஜியத்தின் மினிமி இதை நம்பி வந்தது. அமெரிக்கா அதை எம் 249 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. 2010இல் அமெரிக்க மரைன்கள் தங்கள் சிறு குழுக்களில் எம் 249-ஐக் குறைத்துக்கொண்டு, 30 தோட்டா மேகசின் கொண்ட எம் 27-ஐ ஏற்றார்கள். பெல்ட்டா மேகசினா என்ற வழக்கு இப்படித் திரும்பத் திரும்ப விசாரணைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

பிரென் மட்டும் இதற்கெல்லாம் நடுவில் ஓய்வு பெற மறுத்தது. 7.62-க்கு மாற்றிய எல்4 வடிவம் 1991 வளைகுடாப் போர் வரை பிரிட்டிஷ் படையோடு போனது. இந்தியாவில் 1பி அதற்குப் பிறகும் நீடித்தது. 5.56-இல் வந்த இன்சாஸ் எல்.எம்.ஜி. அதன் இடத்தை முழுதாகப் பிடிக்கவில்லை. 2020 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் இஸ்ரேலிடமிருந்து 16,479 நெகேவ் எல்.எம்.ஜி.க்களை ரூ.880 கோடிக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. தோட்டா திரும்பவும் 7.62, எடை எட்டுக் கிலோ சுமார், மேகசினுக்குப் பதில் பெல்ட். மேலே எதுவும் நிற்காததால் குறிபார்ப்பான் நடுவுக்கு வந்துவிட்டது.

நெகேவின் படத்தை எங்கள் இடக்கை நண்பனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "முப்பது வருஷம் லேட்டுடா."